மேஷி, நிப்ளிக், பித்தளைக்கட்டை
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மரத்தண்டு வைத்த பழைய கோல்ஃப் மட்டைகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 1971-ல், பன்னிரண்டு வயதில், ஊட்டி வென்லாக் டவுன்ஸ் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிப் போகிறவனாக, ஆரம்பித்தவன். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் மட்டை பழுது பார்த்தேன். என் அப்பாவும் கேடிதான். இப்போது ஃபிங்கர்போஸ்ட்டில் வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். பரணைச் சுத்தம் செய்தபோது சாக்கில் சுற்றிய ஏழு மட்டைகள் கிடைத்தன. ஒன்றில் 'மேஷி' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னொன்றின் முதுகில் புகை பிடிக்கும் பைப் மாதிரி ஒரு முத்திரை. நிஜமாகவே பழையவையா? நல்ல விலைக்குப் போகுமா? (வாசகி, குன்னூர்)

அம்மா, முதலில் ஒரு காந்தத்தை எடுத்துத் தண்டின் மேல் வையுங்கள். ஒட்டினால் அது மரம் இல்லை, இரும்பு. 1930 வாக்கில் இரும்புத் தண்டு வந்தபோது பழைய ஆட்டக்காரர்களுக்குப் பளபளப்பு பிடிக்கவில்லை. அவர்களுக்காக இரும்பின் மேல் மரநிற உறை போட்டு விற்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் மரம்தான். காந்தம் ஒட்டாமல், உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் ரேகை ஓடுவது தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது ஹிக்கரி.

ஹிக்கரி வட அமெரிக்காவில் வளரும் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கோல்ஃப் மட்டைத் தண்டு என்றாலே அதுதான். இரும்புத் தண்டுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-ல் அனுமதி கொடுத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் விதி எழுதுகிறவர்கள் 1929 வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பிறகு சில வருடங்களிலேயே மரத்தண்டு கடைகளிலிருந்து போய்விட்டது. ஆக, உங்கள் மட்டைகள் பெரும்பாலும் தொண்ணூறு வயது தாண்டியவை.

அந்தப் பைப் முத்திரை செயின்ட் ஆண்ட்ரூஸ் கொல்லர் டாம் ஸ்டூவர்ட்டுடையது. நான் பார்த்த இரும்பு ஹெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை அவர் பட்டறையில் அடித்தவைதான். கையில் எடுத்தால் எடை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும். மற்றவற்றையும் திருப்பிப் பாருங்கள். விரித்த கை இருந்தால் லீவன் ஊர் ஜார்ஜ் நிக்கல். நட்சத்திரம் இருந்தால் கிங்கார்ன் ஊர் வில்லியம் கிப்சன். கொல்லர் முத்திரையோடு வேறொரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். ஹெட்டைக் கொல்லர் அடிப்பார். அதை வாங்கித் தண்டு மாட்டி விற்ற கோல்ஃப் ஆசிரியரோ கடையோ தன் பெயரையும் பொறித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் மட்டைக்கு நம்பர் கிடையாது, பெயர்தான். அயர்ன் என்றால் இரும்புத்தலை மட்டை. மிட் அயர்ன் என்பது இன்றைய இரண்டாம் நம்பர் அயர்னுக்குப் பக்கம். மேஷி ஐந்து, மேஷி நிப்ளிக் ஏழு, நிப்ளிக் ஒன்பது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மரத்தலை மட்டைகளில் டிரைவர், பிராசி, ஸ்பூன். பிராசியின் அடியில் பித்தளைத் தகடு அடித்திருக்கும். என் அப்பாவுக்கு அது 'பித்தளைக்கட்டை'. நிப்ளிக்குக்கு அவர் வைத்த பெயர் 'களைக்கொத்து'. துரை கையை நீட்டும்போதே எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இங்கிலீஷ் பெயர் அவருக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஹிக்கரி மட்டைகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. பந்தில் படும் முகத்தில் கோடோ புள்ளியோ போட்ட சாதாரண அயர்ன்களுக்குப் பெரிய விலை வராது. முகம் முழுக்க வழவழவென்று இருந்தால் இன்னும் பழையதாக இருக்கலாம். மரத்தலை மட்டையில் தண்டு ஒரு ஓட்டைக்குள் செருகாமல், இரண்டு மரத்தையும் சரிவாகச் சீவி ஒட்டி நூல் சுற்றியிருந்தாலும் அப்படித்தான். அப்படி ஏதாவது இருந்தால் தொடாமல் எனக்குப் படம் அனுப்புங்கள். மற்றவற்றை விற்காதீர்கள் என்பது என் ஆசை. தாத்தா சாக்கில் சுற்றி வைத்தது யாராவது எடுத்து ஆட வேண்டும் என்றுதான் இருக்கும்.

இன்னொன்று, தயவுசெய்து பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு முன் ஒரு முழு செட்டை, ஆறு அயர்ன், துரு எடுக்கச் சொல்லி சமவெளியில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் பஃபிங் சக்கரத்தில் பிடித்து, மேலே நிக்கல் முலாமும் பூசிக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. முத்திரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. யார் அடித்த ஹெட், எந்த ஊர், எல்லாம் போயிற்று. அந்த ஆறையும் இன்றும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது. மெல்லிய ஸ்டீல் வூலில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மேலோட்டமான துருவை மட்டும் தேயுங்கள். இரும்பு கறுத்துப் பழுப்பேறி இருப்பது அழுக்கு இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ஊட்டியில் வாங்கி வந்த மேஷி இங்கே வந்ததும் சித்திரை வெயிலில் ஹெட் ஆட ஆரம்பித்துவிட்டது. தண்ணீரில் ஊற வைத்தால் இறுகும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

வேண்டாம் தம்பி. ஊற வைத்தால் இறுகும், அது உண்மை. அன்றைக்கு ஆடி முடிப்பீர்கள். ஆனால் ஊறிய மரம், ஹெட்டின் கழுத்தாக இருக்கும் இரும்புக் குழாய்க்குள் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துவிடும். உள்ளே துருவும் சேரும். மூன்று முறை செய்தால் அந்த நுனியே பொடியாகிவிடும்.

ஹெட்டின் கழுத்தில், பக்கவாட்டில், ஒரு சின்ன ஆணித் தலை தெரியும். குழாயையும் தண்டையும் குறுக்கே துளைத்துப் போகிற ஆணி. மெல்லிய பஞ்ச் வைத்து ஒரு பக்கத்திலிருந்து தட்டினால் மறுபக்கம் வெளியே வரும். துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் ஆணியைவிடச் சிறிய பிட் போட்டுத் துளைத்து எடுங்கள். ஹெட்டைத் திருகி இழுங்கள். வரவில்லையே என்று அடுப்பில் காட்டாதீர்கள், உள்ளே மரம் கருகிவிடும். ஏற்கெனவே ஆடுகிற ஹெட் சிரமம் இல்லாமல் வரும்.

குழாயின் உட்புறத்தை உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேயுங்கள். பழைய கீல் கட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டுங்கள். அந்தக் காலத்தில் கீல்தான் பசை. இப்போது மெதுவாக இறுகும் எபாக்சி போதும். ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், அது அடியின் அதிர்ச்சியைத் தாங்காது. மரம் சிறுத்திருந்தால் நூலைப் பசையில் நனைத்து நுனியில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். பழைய ஆணி ஓட்டையை நேராக வைப்பதுதான் முக்கியம். ஒரு நூலளவு தவறினாலும் மட்டையின் முகம் திரும்பிவிடும். பிறகு மெல்லிய ஆணி ஒன்றை அடித்து, இரு பக்கமும் அரத்தால் சமம் செய்யுங்கள். ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

தண்டுக்கு வருடத்தில் இரண்டு முறை ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்றால் தருவார்கள். துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்து எறியுங்கள். நாங்கள் இங்கே தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முன் ஒருமுறை, டிசம்பர் பனிக்கு முன் ஒருமுறை பூசுவோம். கோவையில் நீங்கள் மாசியிலேயே பூசிவிடுங்கள். கார் டிக்கியில் மட்டும் மட்டையை விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: புது மட்டையில் அடித்தால் இன்னும் தூரம் போகும், தவறும் குறையும். அப்புறம் எதற்கு இந்தப் பழையவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்? இது வெறும் பழமை மோகம் இல்லையா? (கல்லூரி மாணவர், மதுரை)

நியாயமான கேள்விதான். நேரடியாகவே சொல்கிறேன்.

1970-களில் இங்கே ஓய்வு பெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவர் இருந்தார். எல்லாரும் இரும்புத் தண்டுக்கு மாறி நாற்பது வருடம் ஆகியும் ஹிக்கரியிலேயே ஆடினார். பையில் ஆறே மட்டை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், தோள் வலிக்காது. ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம், கடைசிக் குழிக்குப் போகிற வழியில் மேஷியை என் கையில் கொடுத்து, "அடி" என்றார். நான் கேடிப் பையன்கள் எல்லாரும் அடிப்பது மாதிரி முழு பலத்தையும் போட்டு வீசினேன். பந்து வலது பக்கம் புதருக்குள் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பந்தை வைத்தார். "பாதி வேகம். மட்டை வரும் வரை காத்திரு" என்றார்.

அந்த 'காத்திரு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரத்தண்டு வளைவது மட்டுமில்லை, முறுக்கவும் செய்யும். நீங்கள் அவசரப்பட்டுக் கையைத் திருப்பினால் ஹெட் பின்தங்கி வரும். அதற்குள் பந்தைத் தொட்டால் முகம் வலது பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். மேலே தூக்கி ஒரு நொடி நின்று, தோளும் இடுப்பும் நிதானமாகத் திரும்பினால் ஹெட் சரியான நேரத்துக்கு வந்து சேரும். இரண்டாவது அடியில் எனக்கு அது நடந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. 'டொக்' என்று ஒரு சத்தம், இரும்புத் தண்டில் வராத சத்தம். பந்து நீலகிரி மரங்களுக்கு மேலே போய், குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரையில் இறங்கியது. அந்த மேஷியை அவர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்கே கொடுத்துவிட்டார்.

புது மட்டை உங்கள் தவறை மறைக்கும். பழையது காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் பட்டால் விரலிலிருந்து முழங்கை வரை கூசும். எங்கே பட்டது என்று பந்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆறு மாதம் ஹிக்கரியில் ஆடியவர்கள் மறுபடி புது மட்டையை எடுக்கும்போது ஆட்டமே மாறியிருப்பதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். சாதனையைப் பற்றிச் சந்தேகம் என்றால், 1930-ல் பாபி ஜோன்ஸ் ஒரே வருடத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓபன் இரண்டும், இரு நாட்டு அமெச்சூர் பட்டங்களும் வென்றார். அத்தனையும் ஹிக்கரியில்.

என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு பெயரும் நெருக்கம். 1913 அமெரிக்க ஓபனில் ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரு பெரும் ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தவர் ஃபிரான்சிஸ் உவிமெட். வயது இருபது. கேடியாக இருந்து வந்தவர். அவருக்கு அன்று பை தூக்கியவன் எடி லவுரி, பத்து வயதுப் பையன். அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வரும் புகைப்படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பையன் உயரத்துக்குப் பை இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

தூரம் குறையும் என்பதும் இந்த மலையில் அவ்வளவாக உறுத்தாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு. சென்னையில் நூறு கஜம் போகிற அடி இங்கே நூற்றெட்டு, நூற்றுப்பத்து போகும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் நிப்ளிக்கின் தண்டு பாதியில் உடைந்துவிட்டது. நம் ஊர் மரத்திலேயே தண்டு செய்ய முடியாதா? (வாசகர், கோத்தகிரி)

செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சில்வர் ஓக்கில் செய்தேன். மூன்றாவது அடியில் முறிந்தது. நீலகிரி மரத்தில், அதாவது யூகலிப்டஸில், இரண்டு செய்தேன். கனம், அதோடு மழைக்காலத்தில் வில்லாக வளைந்துவிட்டது. ஹிக்கரியின் குணம் வேறு. நார் நீளமாக ஓடும். அடியை வாங்கிக்கொண்டு மறுபடி நேராக வரும். அமெரிக்காவில் கோடாரிப் பிடிக்கு அதையே போடுவது சும்மா இல்லை. ஹிக்கரி வருவதற்கு முன் ஸ்காட்லாந்தில் ஆஷ் மரத்திலும் ஹேசலிலும் தண்டு செய்தார்கள். ஆஷ் இன்று பில்லியர்ட்ஸ் க்யூவில் கிடைக்கும். ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய ஊராயிற்றே ஊட்டி, உடைந்த க்யூவுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு க்யூவைச் சீவி, பந்தைக் குழிக்குள் தள்ளும் பட்டர் மட்டை ஒன்றுக்குத் தண்டு போட்டேன், எட்டு வருடமாக நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டரில் பலம் போடுவதில்லை. நிப்ளிக்குக்கு அது தாங்காது.

உங்களுக்கு என் யோசனை: ஹெட் மோசமாகத் தேய்ந்த, தண்டு நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய மட்டையைத் தேடுங்கள். குன்னூர், ஊட்டி பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கிடைக்கும். அந்தத் தண்டை இந்த ஹெட்டுக்குப் பொருத்தலாம். லேசாக வளைந்திருந்தால் பயப்படாதீர்கள். எண்ணெய் பூசி, அடுப்புக்கு ஒரு அடி மேலே காட்டிக் கை பொறுக்கும் சூடு வந்ததும், எதிர்ப்பக்கம் வளைத்து ஆறும் வரை பிடித்திருந்தால் நேராகும். ஒரே தடவையில் ஆகாது. நாலைந்து நாள் செய்யுங்கள்.

மரத்தலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல ஆசை. டிரைவர், பிராசி தலைகளுக்குப் பெரும்பாலும் பர்சிமன் மரம். அது நம் கருங்காலியின் இனம். கையில் பிடித்தால் தெரியும் அந்த அடர்த்தி.

கேள்வி: கறுத்துப்போன, மேலெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி புடைத்த பழைய பந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. இதை அடித்துப் பார்க்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

கூடவே கூடாது. அது குட்டா பெர்ச்சா பந்தாகவோ, அதற்கு அடுத்து வந்த ரப்பர் உருண்டைப் பந்தாகவோ இருக்கலாம். முதலாவது 1848 வாக்கில் வந்தது, மலேயாக் காட்டு மரத்தின் பால் கெட்டியானது. ஒரே அடியில் சில்லு சில்லாகிவிடும். பஞ்சில் சுற்றி, வெயில் படாத டப்பாவில் வையுங்கள்.

ஹிக்கரியில் அடிக்க இன்றைய பந்துகளிலேயே மிருதுவானதை வாங்குங்கள். பயிற்சி மைதானத்தில் தரும் கல் மாதிரியான பந்து தண்டுக்கு எமன்.

கேள்வி: பழைய மட்டையோடு சாதாரணப் போட்டியில் ஆட விடுவார்களா? (முன்னாள் ராணுவத்தினர், வெலிங்டன்)

தாராளமாக, ஐயா. பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1938-லும், செயின்ட் ஆண்ட்ரூஸில் 39-லும் வந்தது. ஹிக்கரிக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை, ஏழு எட்டு போதும். முகத்தில் ஆழமான வாய்க்கால் வெட்டிய மேஷி, நிப்ளிக் இருந்தால் மட்டும் போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். பந்தை அதிகம் சுழற்றுகிறது என்று 1920-களிலேயே தடை செய்துவிட்டார்கள். ஹிக்கரிக்கு என்றே ஸ்காட்லாந்தில் 2005-லிருந்து உலக ஓபன் நடக்கிறது. நம் மலையிலும் வருடத்துக்கு ஒரு நாளாவது அப்படி ஒரு ஆட்டம் நடத்த வேண்டும் என்பது என் வெகுநாள் விருப்பம். உங்களைப் போல் நாலு பேர் சேர்ந்தால் மட்டைகளை நான் தயார் செய்து தருகிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயது. கோல்ஃப் ஆடியதே இல்லை. இங்கே கோல்ஃப் மைதானத்தில் காட்டெருமை மேய்வதைத்தான் பார்த்திருக்கிறேன்! அப்பா விட்டுச்சென்ற ஹிக்கரி மட்டைகளில் நேரடியாகப் பழக ஆரம்பிக்கலாமா? (வாசகி, கொடைக்கானல்)

ஆரம்பிக்கலாம் அம்மா. இரும்பில் பழகியவர்களைவிட உங்களுக்கு எளிது. அவர்கள் வேகத்தை மறக்க வேண்டும். உங்களுக்கு மறக்க ஒன்றுமில்லை.

முதலில் கிரிப்பைப் பாருங்கள். தோல் வறண்டு உரிந்திருந்தால் புதிய ஆட்டுத்தோல் பட்டை சுற்றி, மேலும் கீழும் செருப்புத் தைக்கும் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தண்டை ஒரு முறை விரலால் முழுக்கத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற இடம் எதுவும் இருந்தால் அங்கே விரிசல். அந்த மட்டையை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

மேஷியை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ரப்பர் பாய் விரித்த இடத்தில் ஒருபோதும் அடிக்காதீர்கள். பாய்க்கு அடியில் சிமென்ட் தரை. ஹெட் அங்கே மோதி நின்றால் தண்டு முறியும். புல்தரைதான் வேண்டும். நம் மலைகளில் பரவியிருக்கும் கிகுயு புல் மட்டையைப் பிடித்து இழுக்கும். அதனால் ஆழமாக வெட்டாமல், விளக்குமாறு போடுகிற மாதிரி மேலாகப் பெருக்கி அடிக்க வேண்டும். முதலில் பந்து, பிறகு புல். என் அப்பா காலத்தில் ஈர மணலை விரலால் பிடித்து ஒரு சின்னக் குவியல் வைத்து அதன் மேல் பந்தை வைப்பார்கள். முதல் நாட்களுக்கு நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள், பந்து புல்லுக்கு மேலே நிற்கும், பயம் போகும்.

காலையில் பனி காய்ந்த பிறகு போங்கள். முதல் வாரம் நாற்பது கஜத்துக்கு மேல் அடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு இருபது பந்து போதும். திரும்பி வந்ததும் ஹெட்டைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். விரல் நுனி கூசியது என்றால் பந்து ஓரத்தில் பட்டிருக்கிறது. தோள் வலித்தால் வேகம் அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை நின்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுங்கள்.